நேட்டாலுக்குப் போன கோவிந்தன் எங்கள் வீட்டுப் பிள்ளைதானா? எப்படி உறுதி செய்வது?

ஏகாம்பரகுப்பம் தறிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். ஆந்திராவில் நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் இருக்கிறோம். கைக்கோளர், தறிக்காரக் குடும்பம். தாத்தா காலத்தில் குழித்தறி, இப்போது பவர்லூம். வீட்டில் பேசுவது தமிழ், பிள்ளைகள் பள்ளியில் படிப்பது தெலுங்கு. பழைய காகிதம் எதுவானாலும் தெருவில் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். தமிழ் எழுத்து தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள்.

என் அப்பாவைப் பெற்ற ஆயா உயிரோடு இருந்தபோது அவர் சொன்ன சொந்தபந்தங்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். என் மகன் அதைக் குடும்ப மரம் போடும் மைஹெரிட்டேஜ் தளத்தில் ஏற்றினான். பெரிய மரமெல்லாம் இல்லை. நைனா (என் அப்பா), தாத்தா, கொள்ளுத்தாத்தா அருணாசலம், அவருடைய அப்பா முனுசாமி, அவ்வளவுதான். ஊர் என்ற இடத்தில் ஏகாம்பரகுப்பம் என்று போட்டான். அந்த ஊர்ப் பெயரைத் தேடித்தான் ஒரு அம்மா எங்களைக் கண்டுபிடித்தார்.

அவருக்கு 75 வயது இருக்கும். தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். அவருடைய தாத்தா கோவிந்தன் 1902-ல் மதராஸில் கப்பல் ஏறி அங்குள்ள நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர். அந்தப் பெயரே இப்போது அவர்கள் குடும்பத்துக்குக் கடைசிப் பெயராக இருக்கிறது. கப்பல் பட்டியலில் இருந்த அவர் வரியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தில் சாய்வெழுத்து. பெயர் கோவிந்தன், தகப்பன் பெயர் மூனேசாமி, வயது 22, ஜாதி கைக்கோளன், ஜில்லா வட ஆற்காடு, தாணா (போலீஸ் சரகம்) கார்வேட்நகர், ஊர் "யாகாம்பரகூப்பம்". கடைசிக் கட்டத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே தழும்பு.

எங்கள் வீட்டில் இதற்கு ஒத்துப்போகிற பேச்சு ஒன்று உண்டு. ஆயா சொல்வார்: "பெரிய தாத்தாவுக்கு மூத்தவரு ஒருத்தரு நேட்டாலுக்குப் போனாரு. மொதல்ல பணம் வந்துச்சு, அப்புறம் ஒரு சேதியும் இல்ல." பெயர் என்ன என்று கேட்டால் "நேட்டால்காரரு" என்பார். ஆயா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். மாமனார் பெயரையும் அவர் உடன்பிறந்தார் பெயரையும் கடைசிவரை வாயால் சொன்னதில்லை. அந்த மரியாதையில்தான் எங்களுக்கு அந்தப் பெயர் கிடைக்காமல் போய்விட்டது.

இன்னொன்றும் சேர்கிறது. எங்கள் வழக்கப்படி மூத்த மகனுக்குத் தாத்தா பெயர். அந்த அம்மாவின் அப்பா பெயர் மூனேசாமி. கோவிந்தன் தன் தகப்பன் பெயரை மூத்த பிள்ளைக்கு வைத்திருக்கிறார். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கம் பத்து வீட்டில் நான்கு வீட்டில் முனுசாமி இருப்பார்கள். கோவிந்தன் கதையும் அதேதான், திருப்பதி எவ்வளவு தூரம்?

அந்த அம்மாவின் வீட்டில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களாம், முருகனுக்குக் காவடி எடுக்கிறார்களாம். கேட்க நெஞ்சு நிறைந்தது. ஆனால் அது இந்தச் சீமை முழுக்க இருக்கிற பழக்கம். எங்கள் வீடுதான் என்பதற்கு அது சான்றாகாது.

அவர் வரும் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறார். அப்படியே எங்கள் ஊருக்கும் வந்து, "என் தாத்தா பிறந்த வீட்டு மண்ணை மிதிக்க வேண்டும், என் அப்பா சாகும்போது கேட்டது அது ஒன்றுதான்" என்று எழுதியிருக்கிறார். முறைப்படி எனக்கு அத்தை ஆக வேண்டியவர், கோவிந்தன் எங்களவர் என்றால். அத்தை என்று கூப்பிட எனக்கு ஆசைதான். அந்த ஆசையாலேயே பயமாகவும் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கைக்கோளர் வீடு ஒன்றா இரண்டா? வேறொரு முனுசாமிக்கு ஒரு கோவிந்தன் இருந்திருந்தால், அந்த அம்மா யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று அழுதுவிட்டுப் போவார், சொந்த வீடு நாலு வீடு தள்ளி இருக்கும். "வயசானவங்க, ஆமான்னு சொல்லிடு, என்ன கெட்டுப்போச்சு" என்கிறார் என் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

சின்னாயினாவின் (சித்தப்பா) பயம் வேறு. "பாகம் கேட்டு வந்தா என்ன செய்வ?" என்று கேட்கிறார். எங்கள் மனைக்கு வடக்கே காலியாக ஒரு துண்டு கிடக்கிறது, மாட்டுக் கொட்டகை போட்டிருக்கிறோம்.

கையில் இருக்கிற ஒரே பழைய காகிதம் 1912-ல் கொள்ளுத்தாத்தா அருணாசலம் தறிக்காக வீட்டை ஈடு வைத்து, பிறகு மீட்ட அடமானப் பத்திரம். தமிழில் இருக்கிறது. "கைக்கோள ஜாதி, சிவமதம், நெசவு ஜீவனம், முனுசாமி முதலி குமாரன் அருணாசல முதலி" என்று ஆரம்பிக்கிறது. மற்ற இடமெல்லாம் மடிப்பில் நைந்து, கூட்டெழுத்தாக இருப்பதால் முழுதும் படிக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். கப்பல் பட்டியலுக்கு மேல் அந்தப் பக்கம் வேறு என்ன காகிதம் கிடைக்கும்? இந்தப் பக்கம் 1912-க்கு முந்தையது எங்கே இருக்கும்? டிஎன்ஏ சோதனை என்கிறார்களே, அது எங்களைப் போன்ற குடும்பத்துக்கு உதவுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னும் அந்த அம்மாவுக்குப் பதில் எழுதவில்லை.

---

திருப்பதி நூலகர் (ஓய்வு):

அம்மா, நீங்கள் தயங்குவது சரி. அந்தத் தயக்கத்தை விட்டுவிடாதீர்கள். இந்தத் தளங்களில் முனுசாமி என்று போட்டால் மொரீஷியஸ், பீஜி, மலாயா என்று உலகம் முழுக்க உள்ள முனுசாமிகளைக் கொண்டுவந்து "பொருத்தம்" என்று காட்டும். அது பெயரையும் வயதையும் வைத்துப் போடும் கணக்கு. தெரியாமல் ஏற்றுக்கொண்டு இரண்டு மரத்தையும் இணைத்துவிட்டால் அதை நம்பி இன்னும் நாலு பேர் இணைப்பார்கள். பேமிலிசர்ச் என்ற இன்னொரு தளத்தில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே உலகத்துக்கே ஒரே மரம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

முதலில் நேட்டால் பக்கம். மதராஸிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-ல் டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பல்தான் முதலாவது. 1911 வரை 1,52,184 பேர் போயிருக்கிறார்கள். மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் மிக அதிகம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். உங்கள் படத்தில் பெயருக்கு இடப்பக்கம் இருக்கும். அந்த எண்ணை விடாதீர்கள். பெயரை எழுத்தர் பத்து விதமாக எழுதியிருப்பார், எண் மாறாது. கல்யாணப் பதிவு, முதலாளி மாற்றம், புகார் மனு, எல்லாவற்றிலும் அந்த எண்தான் வரும். இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகம் என்று அங்கே ஒன்று இருந்தது. அதன் கோப்புகளில் இதைத் தேட வேண்டும். கப்பல் பட்டியல்கள் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இருக்கின்றன.

இப்போது உடனே செய்யக்கூடிய ஒன்று. கோவிந்தன் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள இருபது முப்பது வரிகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்துதான் ஏஜெண்டிடம் போவார்கள். எண்கள் வரிசையாக விழுந்திருக்கும். அதே ஊர், அதே ஜாதியில் இன்னொருவர் இருந்தால் அவருடைய தகப்பன் பெயர் உங்கள் தெருவில் எந்த வீட்டுக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். நீங்கள் சொன்ன "இன்னொரு முனுசாமி" யார் என்பது அதில் பிடிபடக்கூடும்.

அடுத்து, கோவிந்தன் அங்கே நிலமோ வீடோ வாங்கி இறந்திருந்தால் எஸ்டேட் கோப்பு இருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் எஸ்டேட் கோப்புகளைப் பேமிலிசர்ச்சில் இலவசமாகப் பார்க்கலாம். அதிலே மரண அறிவிப்புப் படிவம் ஒன்று உண்டு. பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், மனைவி, பிள்ளைகள் எல்லாம் கேட்டிருப்பார்கள். தாயார் பெயர் அதில் இருந்தால் அது பெரிய சான்று. கப்பல் பட்டியலில் தாய் பெயருக்கு இடமே இல்லை. உங்கள் நோட்டில் முனுசாமியின் மனைவி பெயர் இருக்கிறதா?

ஆயா சொன்ன "பணம் வந்துச்சு" என்பதும் நம்பக்கூடியதே. மாதச் சம்பளம் முதல் வருஷம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஐந்து வருஷ ஒப்பந்தம். அதை முடித்த பிறகும் சுதந்திர மனிதராக அங்கே இருக்க விரும்பினால் வருஷம் 3 பவுன் வரி கட்ட வேண்டும். 1895-ல் போட்ட சட்டம் அது, 1914 வரை இருந்தது. ஒரு வருஷ வரிக்கே நாலு முதல் ஆறு மாதச் சம்பளம் போய்விடும். அப்போது ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? சேதி நின்றுபோனதற்கு மனசில்லாமல் போனது காரணமாக இருக்க வேண்டியதில்லை.

தளத்தில் ஊரைப் போடும் விஷயம். "சித்தூர், ஆந்திரப் பிரதேசம்" என்று அதுவே எடுத்துக் கொடுக்கும். பழையவர்களுக்கு அதை ஏற்காதீர்கள். சித்தூர் ஜில்லா உருவானதே 1911 ஏப்ரல் 1-ல்தான். கோவிந்தனுக்கு "ஏகாம்பரகுப்பம், கார்வேட்நகர் ஜமீன், வட ஆற்காடு, மதராஸ் ராஜதானி" என்று எழுதுங்கள். கடைசிப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அப்பா பெயரை அங்கே போட்டால் ஒவ்வொரு தலைமுறையும் தனித்தனிக் குடும்பமாகக் காட்டும்.

---

கொழிஞ்சாம்பாறை:

நூலகர் ஐயா சொன்னதோடு ஒன்று. எங்கள் பாலக்காட்டுப் பக்கமும் ஒரு சித்தூர் இருக்கிறது, ஆங்கிலத்தில் தேடினால் இரண்டும் கலந்து வரும். எங்கள் சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, பாலக்காடு மதராஸின் மலபார் ஜில்லாவில். அதனால் ஒரே குடும்பத்தின் காகிதம் எர்ணாகுளத்திலும் கோழிக்கோட்டிலும் ஆவணக் காப்பகங்களில் பிரிந்து கிடக்கிறது. எங்கள் பாட்டன் பத்திரத்தில் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு. ஆங்கில வருஷம் கிடைக்க, சிங்க மாதம் (ஆவணி) முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் கர்க்கடக மாதம் (ஆடி) வரை 825 கூட்ட வேண்டும். உங்களுக்குப் பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டு என்று நினைக்கிறேன்.

மொய் நோட்டைப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கல்யாண மொய் நோட்டில்தான் ஊரும் முறையும் சேர்த்து எழுதியிருந்தார்கள், "இன்னார் மச்சான், இன்ன ஊர்" என்று. எந்தத் தளத்திலும் கிடைக்காதது அது.

---

வேலூர் பத்திர எழுத்தர்:

வணக்கம் அம்மா. நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவன், படித்தவன். அந்த 1912 பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறீர்கள்.

பழைய பத்திரத்தில் பெயர், தொகையோடு நிறுத்திவிடுவார்கள் நம்மவர்கள். சக்குபந்தியைப் படிக்க வேண்டும். நான்கு எல்லையும் எழுதியிருப்பார்கள். பக்கத்து மனை யாருடையது, அண்ணன் தம்பி பாகமா, பொதுச் சுவரா, எல்லாம் அங்கேதான். அதற்கு மேலே, சொத்து இவருக்கு எப்படி வந்தது என்று ஒரு வரி இருக்கும். "எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு" என்றால் அப்பன் வழி. "பாகத்தில் அடைந்து" என்றால் பாகப்பிரிவினை நடந்திருக்கிறது, அண்ணன் தம்பி இருந்திருக்கிறார். அந்த இரண்டு இடத்தையும் நல்ல வெயிலில், சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். மடிப்பைப் பிரிக்கும்போது மெதுவாக. பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் போட்டுவிடாதீர்கள், பத்து வருஷத்தில் எழுத்தைத் தின்றுவிடும்.

பின்பக்கம் பதிவு முத்திரை இருக்கும். அதில் புத்தகம் 1, வால்யூம், பக்கம், ஆவண எண், வருஷம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பதிவுக்கு வந்த பத்திரத்தை ஆபீசில் வரிக்கு வரி கையால் எழுதி வைத்துக்கொள்வார்கள். உங்கள் காகிதத்தில் போன எழுத்து அங்கே இருக்கும்.

வருவாய்த் துறைக் காகிதத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பக்கம் கார்வேட்நகர் ஜமீன். ஜமீன் ஊரில் குடியானவன் பெயர் ஜமீன் கணக்கில்தான் இருக்கும், சர்க்கார் செட்டில்மெண்ட் ஆளாளுக்குப் பட்டா போட்டது 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு. பசலி என்று எங்காவது பார்த்தால் 590 கூட்டுங்கள், ஜூலையில் தொடங்கும் வருஷம் வரும். அதனால் பதிவு ஆபீஸ்தான் உங்களுக்கு வழி. பெயர் இண்டெக்ஸில் "முனுசாமி முதலி, ஏகாம்பரகுப்பம்" என்று பின்னோக்கிப் போகலாம். கொண்டான் கொடுத்தான் வீடுகள் திருத்தணி பக்கம் இருந்தால் அங்கேயும் கேளுங்கள். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது, அதுவரை உங்களோடு ஒரே ஜில்லா.

உங்கள் சின்னாயினா பயத்துக்கு ஒரு வக்கீலைப் பார்த்து ஒரு முறை பேசட்டும், தூக்கம் வரும். 75 வயதில் கடல் தாண்டி வருகிறவர் மாட்டுக் கொட்டகைக்காக வரவில்லை.

---

ஏகாம்பரகுப்பம் தறிவீடு:

எல்லோருக்கும் நன்றி என்று சொன்னால் போதாது. பத்திரத்தை நேற்று மாலை மாடியில் எடுத்துப் போய் விரித்து, ஐயா சொன்ன மாதிரியே சாய்ந்த வெயிலில் படமெடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்தேன். உதவிக்கு நைனாவும் உட்கார்ந்தார். அவருக்குப் பழைய கூட்டெழுத்து இன்னும் வருகிறது.

சக்குபந்தியில் கிழக்கே தெரு, தெற்கே ஒரு செட்டியார் வீடு, மேற்கே ஓடை. வடக்கே என்ன என்று படித்தபோது நைனா எழுந்தே நின்றுவிட்டார். "வெளிதேசம் போயிருக்கும் என் தமையன்" என்று இருக்கிறது. அடுத்த சொல் சரியாக மடிப்பில் விழுந்து ஓட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு "பாகத்து மனைக்குத் தெற்கு". மேலே சொத்து விவரத்திலும் ஒரு வரி: "தமையன் பாகம் நீங்கலாக என் பாகத்தை மாத்திரம்" ஈடு காட்டியதாக எழுதியிருக்கிறார்.

பணத்துக்கு எவ்வளவு நெருக்கடி இருந்திருந்தால் வீட்டை ஈடு வைப்பார்கள்? அப்போதும் போன அண்ணன் பாகத்தைத் தொடவில்லை. அவர்தான் கோவிந்தன் என்றால் பத்து வருஷம் ஆகியிருக்கிறது அவர் போய். இதைச் சின்னாயினாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு பாகம் பற்றிப் பேசவில்லை.

அப்படியானால் ஒரு அண்ணன் இருந்தார், வெளிதேசம் போனார், 1912 வரை அவரை உயிரோடு இருப்பவராகவே கணக்கில் வைத்திருந்தார்கள். பெயர் மட்டும் ஓட்டையில் போய்விட்டது. நைனா "அந்த ஓட்டைக்குள்ள கோவிந்தன் அடங்கும்" என்கிறார். விரலால் அளந்தும் பார்த்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் முருகேசனும் அடங்கும்.

நூலகர் ஐயா கேட்ட பக்கத்து வரிகளுக்கு அந்த அம்மாவின் பேரனுக்கு எழுதிவிட்டேன். முனுசாமியின் மனைவி பெயர் நோட்டில் இல்லை. மொய் நோட்டு 1960-க்குப் பிறகுதான் இருக்கிறது, ஆனால் அதில் நகரி, புத்தூர், பொதட்டூர்பேட்டை என்று சம்பந்த வீடுகள் தெளிவாக வருகின்றன. பொதட்டூர்பேட்டையில் ஒரு வயதான அத்தைப் பாட்டி இருக்கிறார், இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன்.

டிஎன்ஏ பற்றி யாராவது சொல்லுங்கள். அந்த அம்மா ஏற்கெனவே கொடுத்திருக்கிறாராம்.

---

புத்தூர் உயிரியல்:

கல்லூரியில் மரபியல் எடுக்கிறேன், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

நீங்கள் கொடுக்க வேண்டாம், உங்கள் நைனா கொடுக்கட்டும். அந்த அம்மாவின் தாத்தாவும் நைனாவின் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள் என்பதுதானே கேள்வி? அந்த உறவில் இருவருக்கும் பொதுவான மரபணு சராசரியாக 230 சென்டிமார்கன் (மரபணு நீளத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். கூடக் குறைய இருக்கலாம், ஆனால் ஒன்றுமே இல்லாமல் போவது கிட்டத்தட்ட நடக்காது. உங்கள் தலைமுறைக்கு வந்தால் அது பாதியாகும், உங்கள் மகனுக்குக் கால்வாசி. மூத்தவர் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது.

ஆனால் நம் குடும்பங்களில் ஒரு சிக்கல். அக்கா மகளைக் கட்டுகிறோம், மாமன் மகளைக் கட்டுகிறோம், தலைமுறை தலைமுறையாக ஒரே ஜாதிக்குள், பத்து இருபது ஊருக்குள் கொடுத்து எடுக்கிறோம். அதனால் தூரத்துச் சொந்தம்கூட எண்ணிக்கையில் நெருக்கமாகத் தெரியும். தளம் "இவர் உங்கள் மூன்றாம் சுற்று உறவு" என்று சொல்லும் கணக்கு பெரும்பாலும் அப்படிக் கட்டாத மக்களை வைத்துப் போட்டது. மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். மைஹெரிட்டேஜில் மிக நீளமான துண்டு எவ்வளவு என்று தனியாகக் காட்டும். சின்னச் சின்னத் துண்டாக நூறு சேர்ந்தால் அது ஜாதி முழுக்கப் பரவிக் கிடக்கும் பழைய பொதுச்சொத்து. நீளமான துண்டுகள் சில இருந்தால் சமீபத்துத் தாத்தா. முடிந்தால் உங்கள் ஊரிலேயே, உங்கள் ஜாதியிலேயே வேறு குலத்தைச் சேர்ந்த, உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெரியவரையும் கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்கும் அந்த அம்மாவுக்கும் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால்தான் நைனாவின் எண்ணுக்கு அர்த்தம் தெரியும்.

அந்த அம்மாவுக்கு உடன்பிறந்த ஆண் இருந்தால் இன்னொரு வழி. ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் போகும். அவருடைய சகோதரரும் உங்கள் நைனாவும் ஃபேமிலிட்ரீடிஎன்ஏ போன்ற இடத்தில் ஒய் சோதனை செய்து பார்க்கலாம். பொருந்தவில்லை என்றால் அநேகமாக இல்லை என்று தெரிந்துவிடும். பொருந்தினால் பங்காளி என்று தெரியும், அவ்வளவே. ஒரு குலத்துப் பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே ஒய். ஐந்தாறு தலைமுறை முந்தைய பங்காளியா, கூடப்பிறந்த அண்ணனா என்பதைச் சாதாரண ஒய் சோதனை பிரிக்காது. நீங்கள் சொன்ன "நாலு வீடு தள்ளி" என்ற சந்தேகம் அந்த நாலாவது வீடும் உங்கள் பங்காளி வீடாக இருந்தால் அப்படியே நிற்கும். அதைப் பத்திரம்தான் தீர்க்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நைனா கொடுப்பது அவருடையது மட்டும் இல்லை, உங்கள் எல்லோருடையதும். 2023-ல் டிஎன்ஏ சோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் திருடு போனது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு கொடுத்தது. எங்கே கொடுத்தாலும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தச் சம்மதமா என்ற கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள், வேலை முடிந்தால் மாதிரியை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்யுங்கள்.

---

ஏகாம்பரகுப்பம் தறிவீடு:

பேசினோம். நைனா கொடுக்கிறேன் என்கிறார். ஆனால் பத்திர நகலை முதலில் பார்ப்போம் என்று முடிவு. ஆவண எண்ணும் வால்யூமும் பின்பக்கம் தெளிவாக இருக்கின்றன.

அந்த அம்மாவுக்கு எழுதிவிட்டேன். என் மகன் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தான். "உங்கள் தாத்தா எங்கள் ஊர்க்காரர், அதில் சந்தேகம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் கடல் தாண்டிப் போனார், அதிலும் சந்தேகம் இல்லை, காகிதம் இருக்கிறது. இரண்டும் ஒருவரே என்பதற்கு ஒரு சொல் பாக்கி இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறோம். அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும்" என்று எழுதினேன். பத்திரத்தின் அந்த வரியைப் படமெடுத்துக் கூடவே அனுப்பினேன். ராத்திரியே பதில் வந்தது. பக்கத்து வரிகளைப் பேரன் இந்த வாரம் அனுப்புகிறானாம். தன் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்ததாக அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாராம், பெயர் தெரியாது என்கிறார்.

பத்திர எழுத்தர் ஐயா, ஒரு சந்தேகம். பதிவு ஆபீசில் இப்போது இருப்பவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. 1912 தமிழ்ப் புத்தகத்தை எடுத்து நகல் கொடுப்பார்களா?

---

வேலூர் பத்திர எழுத்தர்:

கொடுப்பார்கள் அம்மா. படிக்க வேண்டியது அவர்கள் வேலை இல்லை, எண்ணைப் பார்த்து எடுக்க வேண்டியதுதான். விண்ணப்பத்தில் ஆவண எண், வருஷம், புத்தகம் 1, வால்யூம், பக்கம் ஐந்தையும் தெலுங்கிலேயே எழுதுங்கள், நகலை அப்படியே பக்கத்தைப் படியெடுத்துத் தரும்படி கேளுங்கள், யாரையும் திரும்ப எழுத விடாதீர்கள். உங்கள் ஊர் அப்போது எந்த சப்-ரிஜிஸ்திரார் ஆபீசின் கீழ் இருந்தது என்பது முத்திரையிலேயே இருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். இப்போதைய ஆபீசில் இல்லை என்றால் ஜில்லா ரிஜிஸ்திரார் ஆபீசில் கேட்க வேண்டும். நகல் கைக்கு வந்ததும் வடக்கு எல்லை வரியை மட்டும் இங்கே போடுங்கள். எழுத்து எப்படி இருந்தாலும் படித்துச் சொல்கிறேன்.

---

ஏகாம்பரகுப்பம் தறிவீடு:

முத்திரையில் புத்தூர் என்று இருக்கிறது. திங்கட்கிழமை நானும் நைனாவும் போகிறோம்.